பழைய வீட்டின் முகப்பில் கை வைக்கும் முன்: ஜார்ஜ் டவுன், ராயபுரம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட சென்னையில், பழைய ஜெயில் ரோட்டு மாடிப் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் வீடு. கீழே ஒரு பைண்டிங் கடை, மேலே நாங்கள். தெருவைப் பார்த்த மரப் பால்கனி ஆட ஆரம்பித்தது. காரையும் உதிர்ந்து, போகிறவர் வருகிறவர் தலையில் விழுந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "சொந்த வீட்டுக்குப் பூச்சு பூச யார்கிட்டண்ணே கேக்கணும்?" என்றார். நானும் தலையாட்டினேன். ஒரு பக்கத்துக் காரையை முழுதாகக் கொத்தி எடுத்த மூன்றாம் நாள், அனுமதி வாங்கவில்லை என்று வேலையை நிறுத்தச் சொல்லி ஆள் வந்துவிட்டார்கள். அது ஐப்பசி மாதம். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் செங்கல் சுவர் தோலுரித்த மாதிரி நனைந்துகொண்டு நின்றது. உள்சுவரில் ஏறிய ஈரம் காய அடுத்த கோடைவரை ஆயிற்று.

அதற்கடுத்த வருடம் சித்தப்பாவின் கடைக்கு முகப்பு வேலை வந்தது. அந்தக் கட்டடம் வேறு வகை, வேறு அலுவலகம். இரண்டுக்கும் நான்தான் அலைந்தேன். யாராவது முதலிலேயே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. உங்கள் கட்டடம் யாருடைய எல்லைக்குள் வருகிறது?

மேஸ்திரியிடம் விலை கேட்பதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பழைய கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்ற வட சென்னையில் மூன்று வாசல்கள் உண்டு. உங்களுக்கு எது என்று தெரியாமல் போனால் ஒவ்வோர் இடத்திலும் "இங்கே இல்லை" என்றுதான் பதில் வரும்.

முதல் வாசல், இந்தியத் தொல்லியல் துறை. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னம் பக்கத்தில் இருந்தால் உங்கள் வீடு எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும் அனுமதி வேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் பழைய நகர மதில், அதாவது மாடிப் பூங்கா. அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அது முடியும் இடத்திலிருந்து இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி.

இதில் மூன்று இடத்தில் ஏமாறுகிறார்கள். மொத்தம் 200 மீட்டர் என்று நினைக்கிறார்கள், மொத்தம் 300. தெருத்தெருவாக நடந்து அளக்கிறார்கள். அளவு வான்வழி நேர்கோட்டில். சுவரிலிருந்து அளக்கிறார்கள், கணக்கு பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து. என் வீடு சந்து சந்தாகச் சுற்றி நடந்து போனால் தூரம். நேர்கோட்டில் பார்த்தால் எல்லைக்குள்.

இரண்டாவது வாசல், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு. உயர் நீதிமன்றத்தின் 2010 தீர்ப்பை ஒட்டி அமைந்த குழு இது. நீதிபதி ஈ. பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியல்தான் இதற்கு அடிப்படை. ஜார்ஜ் டவுனில் இந்தப் பட்டியலில் கட்டடங்கள் ஏராளம். குழு தரம் பிரித்து அறிவித்தவற்றையும் சேர்த்துப் பாருங்கள். சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் இருக்கிறது.

பட்டியலில் தேடும்போது பழைய கதவு எண்ணையும் புதிய கதவு எண்ணையும் போட்டுத் தேடுங்கள். தெருப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். சித்தப்பா கடையைப் புதிய எண்ணில் தேடிவிட்டு "இல்லை" என்று நிம்மதியாக இருந்தோம். பழைய எண்ணில் இருந்தது.

மூன்றாவது, மாநகராட்சி. 2011 பிரிப்பின்படி இந்தப் பக்கம் பெரும்பாலும் 5ஆம் மண்டலம், ராயபுரம். தண்டையார்பேட்டைப் பக்கம் 4, திருவொற்றியூர் 1. முதல் இரண்டு வாசலும் உங்களுக்கு இல்லையென்றால் மாநகராட்சியோடு வேலை முடிந்தது. அவற்றில் ஒன்று உண்டென்றால் முதலில் அதை வாங்கிக்கொண்டு மாநகராட்சிக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் கோப்பு திரும்பி வரும்.

2. வேலையை ஒரு தாளில் எழுதுங்கள்

"முகப்பைச் சரிசெய்யணும்" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ஒவ்வொன்றாக எழுதுங்கள்: உதிர்ந்த காரையைப் பூசுவது, ஆடும் மரத்தூண் இரண்டை மாற்றுவது, கிராதிக்கு வண்ணம், கீழ்க்கடைக்கு ரோலிங் ஷட்டர், பெயர்ப்பலகை. பக்கத்தில் "இருப்பதையே சரிசெய்வது", "புதிதாக வருவது" என்று குறியுங்கள்.

தொல்லியல் எல்லைக்குள் இந்தப் பிரிவினைதான் எல்லாம். முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கிடையாது. பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும்தான் அனுமதி கேட்கக்கூடியவை. பால்கனியைச் செப்பனிடுவது கேட்கலாம். அதை அறையாக அடைப்பது அங்கே நடக்காது. அடுத்த 200 மீட்டருக்குள் கட்டுமானத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

"வெள்ளையடிக்கக்கூடவா அனுமதி?" என்று கேட்பார்கள். தொல்லியல் எல்லையிலும் பட்டியலிலும் வராத வீட்டுக்கு வேண்டாம். சி.எம்.டி.ஏ. பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் விதியில் வண்ணம் பூசுவதும் காரை பூசுவதும் பெயர் சொல்லியே இருக்கின்றன. எழுத்து மூலம் முன் அனுமதி வேண்டும்.

3. ஒரு கல்லை அசைக்கும் முன் படம் எடுங்கள்

நான் செய்யத் தவறியது இதுதான். காரையைக் கொத்திய பிறகு, அங்கே தூணின் தலையில் என்ன பூ வேலை இருந்தது என்று அதிகாரி கேட்டார். அக்காவின் வளைகாப்புக்கு வாசலில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் அந்தத் தூண் பாதி தெரிந்தது. அதை வைத்துத்தான் மறுபடி செய்தோம்.

எதிர்ச் சாரியிலிருந்து முழு முகப்பு. இரண்டு பக்கத்து வீடுகளும் தெரிகிற மாதிரி தெருவின் படம். அப்புறம் அருகே போய்: காரை வரிகள், ஜன்னல் வளைவு, கிராதி, கதவுச் சட்டம், திண்ணை ஓரம், ஓடு இறக்கம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். காலையில் ஏழு மணிக்குள் எடுத்துவிடுங்கள். கடைகள் திறந்து மீன்பாடி வண்டிகள் வந்து நின்றால் மண்ணடியில் எந்தக் கட்டடத்தின் கீழ்ப்பாதியும் தெரியாது.

4. ஆவணங்கள்

பாதிப் பேர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். அதனால் சாவகாசமாகச் சொல்கிறேன்.

*உரிமை.* பத்திரம், வில்லங்கச் சான்று, டவுன் சர்வே நில ஆவண நகல். ஜார்ஜ் டவுன் பத்திரங்களில் ஓ.எஸ். (பழைய சர்வே) எண், ஆர்.எஸ். (மறுசர்வே) எண், சி.சி. (கலெக்டர் சான்றிதழ்) எண் என்று மூன்று எண்கள் இருக்கும். இன்றைய டவுன் சர்வே எண்ணோடு அவை பொருந்துகின்றனவா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பாருங்கள். வில்லங்கச் சான்றை இணையத்தில் பொதுவாக 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுக் காத்திருக்க வேண்டும்.

*வாரிசுகள்.* பாட்டன் பெயரிலேயே இருக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குப் பத்து. வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பங்குள்ள எல்லோரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். துபாயில் இருக்கும் அத்தை மகனின் கையெழுத்துக்கு எனக்கு ஆறு வாரம் போனது. முதல் நாளே அவரிடம் பேசியிருந்தால் மற்ற வேலைகளோடு அதுவும் நடந்திருக்கும்.

*வாடகைக்கு இருப்பவர்கள்.* 100 மீட்டருக்குள் பழுதுபார்க்க உரிமையாளர்தான் விண்ணப்பிக்க முடியும். கோயில் இடம், டிரஸ்ட் இடம், வக்பு இடம் என்றால் அந்த நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதத்தை முதலில் வாங்குங்கள். பகடி (குடியேறும்போது மொத்தமாகத் தரும் முன்பணம்) கொடுத்து மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்பது அனுமதிக் கோப்பில் செல்லாது.

*16.06.1992.* இந்தத் தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தடை செய்யப்பட்ட பகுதியில் பழுதுபார்க்க, கட்டடம் அந்தத் தேதிக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டியிருக்க வேண்டும். நூறு வருட வீடு, பார்த்தாலே தெரியாதா என்று நானும் நினைத்தேன். "பார்த்தா தெரியுது சார், பேப்பர்ல தெரியணுமே" என்றார் விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலர். சரியான பேச்சுதான்.

எங்களைக் காப்பாற்றியது பரண் மேலிருந்த ஒரு தகரப் பெட்டி. 1980களின் சொத்துவரி ரசீதுகள், ஒரு பழைய மின்கட்டண அட்டை, கடைக்காரருடன் போட்ட வாடகை ஒப்பந்தம். கதவு எண் மாறியிருப்பதால், பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே வீடுதான் என்று காட்ட இரண்டும் சேர்ந்து வரும் ரசீது ஒன்றாவது வேண்டும். 2011இல் மாநகராட்சி 200 வார்டாக விரிந்தபோது வார்டு எண்களும் மாறின. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ரசீது வைத்தால் கேள்வியே வராது.

*நிலுவை.* சொத்துவரி, குடிநீர் வரி பாக்கி இருந்தால் கட்டிவிட்டுப் போங்கள். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இந்தச் சின்ன ரசீதுக்காக நின்றுபோன கோப்பைப் பார்த்திருக்கிறேன்.

5. வரைபடம்

அடுக்குமாடிக்குப் பிளான் போடுகிறவர் எல்லோருக்கும் இது வராது. பழைய கட்டடத்தை நேரில் அளந்து, இருக்கிற முகப்பு ஒரு தாள், வரப்போகிற முகப்பு ஒரு தாள் என்று ஒரே அளவுகோலில் போட்டுத் தர வேண்டும். தளப்படமும் குறுக்குவெட்டும் உண்டு. இடிப்பது மஞ்சளில், புதிதாக வருவது சிவப்பில். பொருளையும் எழுதச் சொல்லுங்கள்: "பூச்சு" என்றால் போதாது, "சுண்ணாம்புப் பூச்சு" என்று இருக்க வேண்டும். தொல்லியல் எல்லைக்கு இதோடு கூகுள் எர்த் படத்தில் சின்னத்திலிருந்து வீடுவரை தூரம் குறித்துக் கொடுக்க வேண்டும்.

ஆர்க்கிடெக்டைப் பிடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சுண்ணாம்புக் கட்டடம் செய்திருக்கிறீர்களா?" செய்தவர் என்றால் உடனே கிளம்பி வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பார். வராமலே விலை சொன்ன இருவரை நான் விட்டுவிட்டேன்.

6. எங்கே கொடுப்பது, எத்தனை நாள்

தொல்லியல் எல்லைக்கான விண்ணப்பம் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் நோவாப்ஸ் (NOAPS) இணையதளம் வழியாக. சட்டத்தில் உள்ள கணக்கு இது: தகுதி வாய்ந்த அதிகாரி 15 நாளில் விண்ணப்பத்தை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அதிலிருந்து 1 மாதத்தில் அதிகாரி அனுமதிக்கவோ மறுக்கவோ வேண்டும். ஆக மூன்றரை மாதம். ஒரு தாள் குறைந்தாலும் கோப்பு உங்களிடமே திரும்பும். எனக்கு ஒருமுறை திரும்பியது. மொத்தம் ஏழு மாதம்.

பாரம்பரியப் பட்டியல் கட்டடத்துக்கு எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் உள்ள சி.எம்.டி.ஏ. அலுவலகம், உறுப்பினர் செயலர் பெயருக்கு மனு. குழு கூடும் நாளைப் பொறுத்துத்தான் உங்கள் முறை வரும். தபால் பிரிவில் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டும் கோப்பு எண்ணும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்கு உடனடி அனுமதி கிடைக்கிறது. "அதுல போட்டுடலாம்" என்று சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். அந்தச் சான்றில் கையெழுத்துப் போடுவது நீங்கள். பாரம்பரியக் குழுவின் ஒப்புதலுக்கோ தொல்லியல் அனுமதிக்கோ அது ஈடாகாது. தொல்லியல் எல்லைக்குள் அனுமதியில்லாமல் கட்டினால் 2 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அப்போது தரகர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

7. பரிசீலிக்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்

சித்தப்பா கடை விஷயத்தில் எங்களிடம் கேட்ட கேள்விகளை வைத்துச் சொல்கிறேன். நான் பயந்ததுபோல யாரும் "எதையும் தொடாதே" என்று சொல்லவில்லை. தரத்தைப் பொறுத்துக் கண்டிப்பு மாறும். முதல் தரத்தில் உள்ளும் வெளியும் ஏறக்குறைய கை வைக்க முடியாது. இரண்டாம் தரத்தில் உள்ளே மாற்றலாம், முகப்பைக் கூர்ந்து பார்ப்பார்கள். மூன்றாம் தரத்தில் இன்னும் இடம் கொடுப்பார்கள்.

முதல் கேள்வி, தெருவோடு சேர்கிறதா என்பது. ஜார்ஜ் டவுனில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. பக்கத்து வீட்டுக் கார்னிஸ் வரியும் (சுவரின் மேல்விளிம்பில் நீட்டிய பட்டை) உங்கள் வரியும் ஒரே உயரத்தில் ஓடும். நடுவில் ஒரு வீடு மட்டும் அலுமினியத் தகடும் நீலக் கண்ணாடியும் போட்டால் தெருவுக்கே பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் கொடுத்த முதல் வரைபடத்தில் முகப்பு முழுக்கத் தகடு போர்த்தியிருந்தோம். அதைத் திருப்பிவிட்டார்கள். இன்று அதற்காக நன்றி சொல்கிறேன். தகட்டுக்குப் பின்னால் ஈரம் தங்கி, கடல் காற்றில் ஆணிகள் துருப்பிடித்து, சுவரே போயிருக்கும்.

இரண்டாவது, பூச்சு. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி, வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, இரண்டு மூன்று மழைக்குள் பாளம் பாளமாகக் கழன்று விழும். விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் எமல்ஷனும் இதே வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை, அதன் மேல் சுண்ணாம்பு வண்ணம் என்று எழுதிக் கொடுத்தால் பாதிக் கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, மரம். "மாற்றுகிறோம்" என்று எழுதாதீர்கள். எந்தச் சட்டம் எத்தனை அடி மக்கியிருக்கிறது என்று எழுதுங்கள். எங்கள் பால்கனித் தூண்களில் கீழே ஒன்றரை அடிதான் மக்கியிருந்தது. பழைய மரம் வாங்கி ஒட்டுப்போட்டுக் கொடுத்தார் ஆசாரி. முழுத் தூணும் மாற்றச் சொன்ன விலையில் பாதிகூட ஆகவில்லை.

8. கடைப் பலகையும் ஷட்டரும்

பலகை ஜன்னல் வளைவையோ தூண் தலையையோ மறைக்கக் கூடாது. 467 பட்டியல் பிறந்ததே பழைய கட்டடங்களை மறைத்த விளம்பரப் பலகைகள் மீதான வழக்கில்தான். வாசலுக்கு மேலிருக்கும் வெறும் சுவர்ப் பட்டையில், அதன் அகலத்துக்குள் வையுங்கள். வெளியிலிருந்து விளக்கு விழும்படி வைப்பது உள்ளிருந்து ஒளிரும் பெட்டியைவிட எளிதாக ஒப்புக்கொள்ளப்படும். தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது நடைமுறை. சௌகார்பேட்டைக் கடைக்காரர்கள் இதைப் பலகைக்காரரிடம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கம்பெனிக்காரர்கள் இலவசமாகப் பலகை தருகிறோம் என்று வருவார்கள். கடைப் பெயர் சிறிதாக, அவர்கள் பொருளின் பெயர் பெரிதாக இருக்கும். அது விளம்பரம் என்று கணக்காகி, உங்களிடம்தான் உரிமம் கேட்பார்கள்.

ரோலிங் ஷட்டரின் பெட்டியை வளைவுக்கு உள்பக்கமாக, கடைக்குள் வருமாறு பொருத்துங்கள். கடைக்குள் ஒரு அடி குறையும். முகப்பு பிழைக்கும்.

9. செலவு

அனுமதிக்கான கட்டணத்தைவிட மற்றவைதான் அதிகம். அளந்து வரைபடம் போட எனக்கு 30,000 ரூபாய். ஆவண நகல், நோட்டரி, வாரிசுச் சான்று அலைச்சல் எல்லாம் சேர்த்து 8,000 சொச்சம். சுண்ணாம்புப் பூச்சுக்குச் சிமென்டைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு விலை சொன்னார்கள். கூலிதான் அதில் பெரும்பகுதி. ஊறவைக்க வேண்டும், கடுக்காயும் வெல்லமும் போட்ட நீர் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு கைப் பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நிறுத்தி வைத்த சாரக்கட்டுக்கு நான் கொடுத்த தினவாடகை இந்த எல்லாவற்றையும்விட அதிகம். அனுமதி கையில் வரும்வரை சாரம் கட்டாதீர்கள்.

10. எப்போது தொடங்குவது

தை பிறந்ததும் வேலை தொடங்குவது நல்லது. பங்குனிக்குள் பூச்சு முடிய வேண்டும். அக்னி வெயிலில் சுண்ணாம்பு சட்டென்று காய்ந்து வெடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் காயவே காயாது. பின்னோக்கிக் கணக்குப் போட்டால் ஆனி மாதத்துக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும், சித்திரையிலேயே தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியிருக்க வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் காரை விழும் ஆபத்து இருந்தால் பால்கனிக்கு அடியில் வலை கட்டுங்கள், முட்டுக் கொடுங்கள். அதையும் படமெடுத்து, பாதுகாப்புக்காகச் செய்தது என்று ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

அனுமதி வந்ததும் அதன் நகலையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசலில் மாட்டுங்கள். கொத்தனாருக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள். சித்தப்பா கடையில் அப்படி மாட்டியிருந்தோம். எதிர்க்கடைக்காரர் வந்து நின்று படித்துவிட்டு, சுண்ணாம்பு அரைக்கிறவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.